வெளியில் போட்ட செட்

தென்காசியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். மனைவியும் மகளும் சென்னையில் இருக்கிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது அவள் படிப்புக்காக என்று கிளம்பினார்கள். பன்னிரண்டு முடிந்ததும் திரும்பி வருவதாகப் பேச்சு. துணைக்கு என் மாமியார் போனார். போன இடத்தில் மனைவிக்கு ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. உதவி பெறும் பள்ளியில் இருப்பவன் சென்னைக்கு மாறுதல் கேட்க முடியாது. அதனால் நான் இங்கேயே இருந்தேன். பேருந்து நிலையம் பக்கம் ஒரு மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, ராத்திரி ஒரு போன்.

மகள் பன்னிரண்டு முடித்த கோடையில் கார் வாங்குவதென்று முடிவு செய்தேன். அதுவரை பைக்தான். மூன்று பேராக இருக்கப்போகிறோம், பைக் எதற்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலி ஷோரூமில் வண்டியும் நிறமும் ஒரே நாளில் முடிவாகிவிட்டன. பாட்டுச் செட்டில்தான் மாட்டிக்கொண்டேன். டாப் மாடல் எடுத்தால் டேஷ்போர்டிலேயே கம்பெனி பொருத்திய பெரிய திரை வரும், அதில் மேப், பாட்டு, பின்னால் பார்க்கிற கேமரா எல்லாம் உண்டு. ஆனால் வண்டி கைக்கு வர நான்கு மாதம் ஆகும். நடு மாடலில் திரை கிடையாது, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும். வண்டி அடுத்த வாரமே கிடைக்கும். செட்டை வெளியில் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

"கம்பெனிதுன்னா கேரண்டி இருக்கும். வெளியில போட்டா வயரை வெட்டிருவாங்கன்னு சொல்லுதாங்க."

"அப்ப கம்பெனிதே எடுங்க."

"நாலு மாசம் ஆகுமாம்."

"அப்ப வெளியில போடுங்க."

மறுநாள் மகளைக் கேட்டேன். திரை பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். அதற்கு மறுநாள், எவ்வளவு பெரிது என்று கேட்டுப் போன் செய்தேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஆசிரியர் அறையில் இயற்பியல் வாத்தியார் கம்பெனி செட் பக்கம், தமிழய்யா வெளிச் செட் பக்கம். அவர்கள் சொன்னதை எல்லாம் ராத்திரி போனில் மனைவியிடம் ஒப்பிப்பேன். அதற்கு முன்பெல்லாம் சாப்பிட்டாயா, மழை உண்டா என்பதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். அந்த மாதம் பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம்கூடப் போயிற்று. முடிவெடுக்க மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஜூலையில் குற்றாலச் சாரலுக்கு வருகிறோம் என்று மனைவி சொன்னதும் ஒரே நாளில் முடிவெடுத்தேன். நான்கு மாதம் காத்திருந்தால் சீசனே போய்விடும். நடு மாடலை எடுத்தேன்.

செட் போட்ட கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. கடைக்காரர் கடையநல்லூர்க்காரர், பதினெட்டு வருடம் துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். வண்டி வருவதற்கு முன்பே ஐந்தாறு சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சலிக்காமல் ஒவ்வொரு செட்டாக ஓட்டிக் காட்டுவார்.

"சார், கம்பெனி செட்டு நல்ல செட்டுதான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவன் குடுத்ததுதான். ஒண்ணு கூடக் கேக்க முடியாது, ஒண்ணு குறைக்க முடியாது. இது அப்படி இல்ல. உங்களுக்கு என்ன தோதோ அதை வச்சுக்கிடலாம்."

"வயர்?"

"ஒரு வயரையும் வெட்ட மாட்டேன். இந்த வண்டிக்குன்னே கப்ளர் இருக்கு. அப்படியே சொருகிற வேண்டியதுதான்."

ஸ்பீக்கர் பேச்சு வந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "பின்னாடி யாரு சார் உக்காருவா?"

"மகள்" என்றேன். "எப்பவாவது."

"எப்பவாவதுன்னாலும் பிள்ளைல்லா. பின்னாடியும் நல்லதாவே போட்டிருவோம்" என்றார்.

பொருத்த ஒரு நாள் எடுத்தது. முடித்ததும் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, "போன் வந்தா தானா எடுத்துக்கிடும் சார். அப்படி வச்சிருக்கேன். வண்டி ஓட்டையில பச்சைப் பட்டனைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த இரண்டு வாரத்தில் வண்டி எனக்காக எடுத்தது இரண்டே போன். ஒன்று தலைமையாசிரியர். இன்னொன்று, யாரோ ஒரு பெண் வேறு யாரையோ கேட்டாள்.

மனைவியும் மகளும் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்கள். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். வண்டியைச் சுற்றிப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்று சொல்லிப் பின்னால் ஏறி, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். நான் பாட்டுப் போட்டேன். அவளுக்குக் கேட்டிருக்காது. மனைவி முன்னால் உட்கார்ந்து திரையை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். "பெருசாத்தான் இருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை குற்றாலம் போனோம். வழியில் மனைவி, "எனக்கு வேண்டிய பாட்டு என் போன்ல இருக்கே" என்றாள். மகள் பின்னாலிருந்து எட்டி, அரை நிமிடத்தில் அம்மாவின் போனைச் செட்டோடு இணைத்துவிட்டாள். ஐந்தருவியில் கூட்டம் குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே போனோம். மூன்று நாளாக எனக்குச் சளி. நான் குளிக்கவில்லை, வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். மனைவி கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு மகளோடு போனாள். போன் பைக்குள் இருந்தது. அதிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் வண்டியை உரசிக்கொண்டு போனார்கள். வருடக்கணக்கில் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது எனக்கு. அவள் கேட்கும் பாட்டு என்ன என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பாட்டு நின்றது. திரையில் 'அம்மா' என்று வந்தது. நான் எதையும் தொடவில்லை. மணி இரண்டு முறை அடித்ததும் செட்டே எடுத்துக்கொண்டது. மாமியாரின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது.

"ஏட்டி, மாப்பிள்ளைட்ட சொல்லிட்டியா? இன்னைக்கும் சொல்லாம வந்துராத. வீட்டுக்காரரு இப்பத்தான் வந்து சாவி குடுத்துட்டுப் போறாரு. புது வீட்டுக்கு அக்ரிமெண்டும் போட்டாச்சி, இனிம அங்கன வரமாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்ன? அவரு பாவம், நீ வருவ வருவன்னு காரெல்லாம் வாங்கி வச்சிருக்காரு."

கொஞ்சம் நிறுத்தினார். "என்னட்டி, பேச்சக் காணும்?"

"அத்தை, நான்தான். அவ குளிக்கப் போயிருக்கா."

அந்தப் பக்கம் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மாப்பிள்ளையா" என்றார்.

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான்."

"அங்கன மழை இருக்கா?"

"சாரல்தான் அத்தை."

"சரி" என்று வைத்துவிட்டார். செட் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தது. நான் அணைத்தேன்.

அவர்கள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பையை மடியிலேயே வைத்திருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சேதி தெரியாத மாதிரி எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு வந்தாள். குளிரில் உதடு நடுங்கச் சிரித்தாள். "நீங்களும் வந்திருக்கலாம். தண்ணி நல்லா விழுது" என்று ஒரு பழத்தை உடைத்து என்னிடம் நீட்டினாள். தின்றேன். நல்ல பழம்.

வண்டி கிளம்பி ஊர்க் கூட்டத்தைத் தாண்டியதும் அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா கூப்பிட்டிருக்காங்க. யாரு எடுத்தா?"

"வண்டி எடுத்திச்சி."

"வண்டியா?"

"தானா எடுத்துக்கிடும். அப்படி வச்சிருக்கு."

"என்ன சொன்னாங்க?"

"சாவி குடுத்தாச்சாம்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மகள் காதில் இயர்போனோடு கண்ணை மூடியிருந்தாள்.

"நானே சொல்லணும்னுதான் வந்தேன்" என்றாள் மனைவி.

"எப்ப?"

"ஸ்டேஷன்ல வச்சு."

"ரயில் ஏறும்போதா?"

துண்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். "அங்க காலையில எந்திரிச்சா போறதுக்கு எனக்கு ஒரு இடம் இருக்கு. நாலு பேரு என்னத் தேடுதாங்க. இங்க வந்தா மறுபடியும் அந்த வீட்டுக்குள்ளதான். உங்க மேல ஒரு குத்தமும் சொல்லல."

"நீ வரப்போறதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

"எப்ப வருவன்னு ஒரு நாளாவது நீங்க கேட்டிருக்கலாம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "இந்த நாலு வருசத்துல நீங்க என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கார்ல கம்பெனி செட்டா, வெளிச் செட்டான்னு. அதை மட்டும் ஒரு மாசம் கேட்டீங்க."

அவள் சொன்னது நிஜம். கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயந்து நான் கேட்காமலே இருந்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எதிரே கேரளா வண்டி ஒன்று லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது, ஒதுங்கி வழி விட்டேன்.

வீட்டு வாசலில் மனைவி இறங்கி உள்ளே போனாள். மகள் இறங்கவில்லை. முன் இருக்கைக்கு மாறி வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா" என்றாள்.

"பாட்டு கேக்கலியா நீ?"

"அருவியிலயே இயர்போன்ல சார்ஜ் போயிருச்சு."

மழை வலுத்துக் கூரையில் தட்டியது. அவளுக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை, அவள் முகத்திலேயே இருந்தது. "அந்த ஆட்டோ ஆன்சரை ஆஃப் பண்ணவாப்பா?" என்றாள். தலையசைத்தேன். எங்கெங்கோ தொட்டு அணைத்தாள். பிறகு அவளுடைய பாட்டு ஒன்றைத் தன் போனிலிருந்து போட்டாள். எனக்கு ஒன்றும் புரியாத பாட்டு. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

சாயங்காலம் ரயிலேற்றிவிட்டேன். ஸ்டேஷனில் மனைவி, சளி மாத்திரையை மறக்காமல் போடுங்கள் என்றாள். நான்கு மாதம் பொறுத்துக் கம்பெனி செட்டையே எடுத்திருந்தால் அந்தச் சேதியை அந்த இடத்தில், ரயில் நகரும்போது கேட்டிருப்பேன். எது தேவலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பிரிந்துவிடவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ராத்திரி போன் தொடர்ந்தது. கடைக்காரர் தெருவில் பார்த்தால், "செட்டு எப்படி சார் ஓடுது?" என்பார். நன்றாக ஓடுகிறது என்பேன். உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடுகிறது. தனியாகச் செங்கோட்டைவரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும்போது பின் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து, முன்னால் மட்டும் வைத்துக்கொள்வேன்.

அரையாண்டு விடுமுறையில் முதன்முறையாகக் காரிலேயே சென்னைக்குப் போனேன். அவர்களின் புது வீடு எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. மனைவி அனுப்பிய இடத்தை மேப்பில் போட்டு, அது சொன்ன இடத்தில் எல்லாம் திரும்பினேன். அடுக்குமாடி வாசலில் காவலாளி நிறுத்தி, நோட்டை நீட்டினார். பெயர், வண்டி எண், எந்த வீடு, என்ன காரியம். வீட்டு எண்ணைப் போனில் பார்த்துத்தான் எழுதினேன். என்ன காரியம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எட்டிப் பார்த்து, "விசிட்டர்னு போடுங்க சார், போதும்" என்றார். அப்படியே போட்டேன்.

மூன்று நாள் இருந்தேன். மாமியார் நன்றாகச் சமைத்துப் போட்டார், என் கண்ணைத்தான் பார்க்கவில்லை. மகள் கல்லூரிக்குப் போய் வந்தாள். மனைவி ஒரு நாள் லீவு போட்டாள்.

கிளம்பும் அன்று அதிகாலையில் அவள் தண்ணீர் பாட்டிலோடு கீழே இறங்கி வந்தாள். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவளும் ஏறி உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டி மெயின் ரோடு வந்தது. சிக்னல் பக்கத்தில், "இங்க நிறுத்துங்க" என்றாள்.

"எப்படித் திரும்பிப் போவ?"

"நடந்துதான். பக்கம்தான."

வீட்டுச் செருப்போடு இறங்கினாள். ஜன்னல் பக்கம் குனிந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போங்க, போங்க" என்று கையைக் காட்டினாள். நான் கிளம்பிவிட்டேன்.