மகன் அறைக்குப் போன நெட் ஒயர்

மாரமங்கலத்து சாந்தாமேரியிடம் முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். புருஷன் போன பிறகு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தே மகன் ஜெப்சனை இன்ஜினியராக்கினாள். "எம்பையன் படிப்பானுங்க, நீங்க பாருங்க" என்று, கூலிக்காரி மகனுக்குப் படிப்பு ஏறாது என்ற எஸ்டேட் கணக்கு ரைட்டரிடம் முகத்துக்கு நேரே சொன்னவள். படித்தான். பெங்களூரில் வேலையும் கிடைத்தது. வீட்டுக்கு வருவதுதான் நின்றுபோனது.

"ஊர்ல இருந்தே வேலை பாக்க எனக்கும் ஆசைதாம்மா. நெட்டு வேணுமில்ல?" என்றான் போனில். அப்பாவி, நம்பினாள். இணைப்பு வாங்கினாள். "வைஃபை பொட்டியக் கூடத்துல வெச்சா என் ரூமுக்கு எடுக்காதும்மா, கல்லுச் சுவரு" என்றான். அதுவும் நியாயம்தானே?

"அப்ப ஒயரையே ரூமுக்குள்ள இழுத்துருங்க தம்பி" என்று ஏற்காட்டிலிருந்து நெட் கம்பெனிக்காரப் பையன் கார்த்திக்கை வரவழைத்தாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"நொம்ப கனமான சுவருங்கக்கா. ஒயர் சொருகற பொட்டிய வெக்க ஒரே எடந்தான் தோதா இருக்குது. அங்க சாமி படம் மாட்டியிருக்கீங்களே."

கல்யாணத்தன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த திரு இருதயப் படம் அது. சிலுவை போட்டுக்கொண்டு அவளே கழற்றினாள். ட்ரில் அலறியது, பிட் ஒன்று முறிந்தது, வீடெல்லாம் புழுதி. சாயங்காலம் கார்த்திக் தன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்து, "பெங்களூர்லகூட இந்த ஸ்பீடு வராதுங்கக்கா" என்றான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மகன் வந்தான். மறுநாள் காலை சுவரில் ஒயரைச் சொருகி, கேமராவை அணைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தான். காப்பியோடு கதவருகே போனவள் காதில் லேப்டாப்பிலிருந்து தமிழ்க்கார மேனேஜரின் குரல் கணீரென்று விழுந்தது.

"அம்மா தனியா இருக்காங்கன்னீங்களே ஜெப்சன். இந்த வருஷம் முழுக்க அங்கேயிருந்தே வேலை பாருங்களேன்."

மாதாவே என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"இல்லங்க சார், எங்க ஊட்டுல நெட்டு சுத்தமா எடுக்கறதில்ல. இப்பக்கூட வெளிய ஒரு கடையில உக்காந்துதான் பேசறேன். நாளைக்கே கெளம்பி வந்தர்றேன்."

படுபாவி, வாய் கூசாமல் சொன்னான். அவளுக்கு ஊர் நடுவில் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் அவமானமாக இருந்தது.

ஜெப்சன் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "எப்பம்மா வந்தீங்க? அது வந்து..."

சாந்தாமேரி டம்ளரை மேசையில் வைத்தாள்.

"காப்பியக் குடிச்சுட்டு மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பு சாமி. நெட்டு இல்லாத ஊட்டுல நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"