மனப்பாடம் செய்த கண் அட்டை

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தாடிக்கொம்பிலிருந்து பஸ் ஏறி நானும் போனேன். சில மாதமாகவே இடது கண்ணுக்கு வாசல் நிலை வளைந்து தெரிந்தது. எதிரே நிற்பவர் முகத்தில் நடுவே மட்டும் புகை அப்பின மாதிரி இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வரிசையில் நின்றபோதுதான் பயம் வந்தது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கும்போது தடுமாறினால், இவளுக்கு எழுத்தே தெரியாது என்று நினைப்பார்களே! முன்னால் நின்றவர்கள் சத்தமாகப் படித்ததைக் கேட்டு, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

வலது கண்ணுக்குத் தொல்லையில்லை. அதைப் பொத்தச் சொல்லிவிட்டு நர்ஸம்மா அட்டையை வேறு எழுத்து இருக்கிற பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு மளமளவென்று ஒப்பித்தேன்.

பின்னால் நின்ற முஸ்லிம் அம்மா, "யக்கா, பாடம் மாறிப்போச்சு. நீங்க பழசையே ஒப்பிக்கிறீகளே" என்றார். வரிசையே சிரித்தது. நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் அந்த அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். வரிசையில் அவர் இடமும் போயிருக்கும்.

"சிரிக்க வச்சது என் தப்புதான். அதுக்காகக் கண்ணை விட்டுட்டுப் போவீகளா? எழுத்துத் தெரியாதுன்னா சொல்லிருங்க. நானும் கைநாட்டுதான். அட்டையைத் திருப்புனதைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"எழுத்துத் தெரியும். கண்ணுக்குத்தான் தெரியலை" என்றேன்.

"அதைத்தானே அங்க கேக்குறாக. வாங்க."

டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைத்து, நடுப்பார்வை இருக்கிற இடம் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்றார். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று அந்தக் கண்ணில் ஒன்றும் சரியாகத் தெரியாமல் அழுதேன். மாதம் போகப் போக, முழுசாக இல்லாவிட்டாலும், மனுஷர் மூக்கும் வாயும் தெரிய ஆரம்பித்தது.

முகாமன்று அந்த அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். பேகம்பூரில் வீடு என்று மட்டும் சொன்னார்; பேர் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். பேகம்பூர்ப் பக்கம் பஸ் போனால் இப்போதும் ஜன்னல் வழியாகத் தேடுவேன். அந்தச் சிரித்த முகத்தை அன்றைக்கு நான் ஒற்றைக் கண்ணால்தானே பார்த்தேன்; இரண்டு கண்ணாலும் ஒருதரம் பார்க்க ஆசை.

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான். ஆனாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.