பெருநாளும் பற்றாத கிரில் அடுப்பும்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பக்கீர் முகம்மதுவுக்கு இரண்டு கொள்கைகள். வீட்டில் எது கெட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாது. எது கெட்டாலும் அதை யாரோ ஒருவர் கெடுத்திருக்க வேண்டும். முதல் கொள்கையின் பயனாக, அவர் பழுதுபார்த்த மிக்ஸி சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டு முன்னைவிடத் தெம்பாகச் சத்தம் மட்டும் போடுகிறது. இரண்டாவதின் பயனாக, அந்த வீட்டில் குற்றம் சாட்டப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உத்தமபாளையத்திலிருந்து மகள் ஷர்மினோடு புதுச் சம்மந்தி அப்துல் வாஹித் வருவதாகச் சொன்னதும், "பிரியாணி எல்லா வீட்லயுந்தான் போடுறாக. எம் மகன் ரஃபி ஷார்ஜாவுலருந்து அனுப்புன கிரில் அடுப்புல நானே கறி சுட்டுத் தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மனைவி மதீனாவைப் பிரியாணிச் சட்டியைத் தொடவும் விடவில்லை.

மொட்டைமாடியில் சம்மந்தி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மசாலா தடவிய குர்பானிக் கறி காத்திருந்தது. பக்கீர் முகம்மது கேஸைத் திருகி லைட்டரை அழுத்தினார். நீலமாய் இரண்டு முத்துகள் தோன்றி, வெட்கப்பட்டாற்போல அணைந்தன.

"வேல்பாண்டியக் கூப்பிடவா?" என்றாள் மதீனா.

"மெக்கானிக் வந்து என்ன பண்ணுவான்? கழட்டுவான். அத எனக்குப் பண்ணத் தெரியாதா?"

தெரியும், மாட்டத்தான் தெரியாது என்பதை மதீனா சபையில் சொல்லவில்லை.

அவர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார்: கனமாக இருந்தது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார்: குமிழி வரவில்லை. மடங்கிக் கிடந்த டியூபை நிமிர்த்தினார். அப்புறம் குமுளிப் பக்கமிருந்து வரும் காற்றைக் குற்றவாளியாக்கினார். காற்றை மறைக்க விருந்தாளியான வாஹித்தே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீல முத்துகள் மறுபடி இரண்டுதான்.

கடைசியில் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அடுப்பின் உள்ளே இருந்த பர்னர் குழாயை வெளியே எடுத்தார். அது பளபளவென்று சில்வர் நிறத்தில் மின்னியது.

பெருநாளுக்கு முன்னால் கேட்டுக்கும் மாடிப்படிக் கம்பிக்கும் சில்வர் பெயிண்ட் அடிப்பது அந்த வீட்டு வழக்கம். அடிப்பவர் பக்கீர் முகம்மது. மிச்சப் பெயிண்ட் வீணாகக் கூடாதே என்று, கண்ணில்பட்ட இரும்புக்கெல்லாம் அடித்துக்கொண்டே போனவர் பர்னரையும் விட்டுவைக்கவில்லை. இரண்டைத் தவிர எல்லா ஓட்டையும் அடைபட்டிருந்தது.

பக்கீர் முகம்மது சட்டென்று எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அத்தா, என்னாச்சு? 'யாரு பண்ணுனது'ன்னு கேக்கலையே?" என்றாள் ஷர்மின்.

"சிலந்தி. உள்ள கூடு கட்டிருக்கு. ஒரு ஊக்கு குடு."

மதீனா ஊக்கை நீட்டும்போது குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "சிலந்தி சில்வர் கலர்லயா கட்டுது?"

சுரண்டும் சத்தந்தான் வந்தது. குழாயை மாட்டி, பெயிண்ட் நாற்றம் போகிறவரை வெறும் அடுப்பை எரியவிட்டார். தீ வரிசை பிசகாமல் நின்றது.

"சம்மந்தி கைராசிக்காரரு!" என்று தகரத்தைக் கீழே போட்டார் வாஹித். "எங்க வீட்டு வாஷிங் மெஷினும் மக்கர் பண்ணுது."

"அதுக்கென்ன, நாளைக்கே வாரேன்."

மதீனா கறித்தட்டை நீட்டினாள். "அண்ணே, வேல்பாண்டி நம்பரயும் குறிச்சுக்கங்க. இவுக வந்துட்டுப் போனப்புறம் தேவைப்படும்."