பத்ரிநாத் போன ஹீட்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு பொருளை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனால், அது தனக்காகவே செய்த பொருள் என்று நினைத்துக்கொள்வார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ரிட்டையர் ஆன மனுஷன், ஒரு நாள் கேரவன் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி பெரிசு இல்லை. இன்ஜினே கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டிய தகரப் பெட்டி. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. ரமணாசிரமம் பக்கம் ரொம்ப வருஷம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது விட்டுவிட்டுப் போனது. வேப்ப மரத்தடியில் கோழி முட்டையிட்டுக் கிடந்ததை மாமா வாங்கி, கழுவி, செங்கம் ரோட்டில் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாத்தியா மச்சான், வூடே நம்ம பின்னால வரும்" என்றார்.

வீடு பின்னால் வந்து என்ன பிரயோசனம்? அதைப் பின்னால் தள்ளத் தெரியவில்லை. இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகிறது என்று அதையே திட்டினார். கடைசியில் டீக்கடையில் இருந்த நாலு பேரும் நானும் கொக்கியைக் கழற்றி, தேர் தள்ளுகிற மாதிரி தள்ளி ஓரங்கட்டினோம்.

நான் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரைக் குளிர வைக்கிற வேலை. என்னிடம் வந்து அவர் கேட்டது ஹீட்டர். அதைக் கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அது சித்திரை மாசம், அக்னி நட்சத்திரம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். "இன்னா மாமா, வெயில் பத்தலயா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

விஷயம் அக்காவுடையது. அக்காவுக்கு ஒரு தடவை பத்ரிநாத் பார்த்துவிட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அதுதான். ஆனால் அவளுக்கு இழுப்பு. மார்கழிப் பனிக்கே மூன்று நாள் படுக்கையில் கிடப்பாள். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதாக இருந்தால் போகலாம், குளிர் தாக்கினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குத்தான் மாமா அந்தத் தகரப் பெட்டியை வாங்கினாராம். உள்ளேயே ஹீட்டர் இருக்கிறதாம். எங்கே நிறுத்தினாலும் அவள் சூட்டிலேயே தூங்குவாளாம்.

இதை அவர் சொன்னபோது நான் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. "லாட்ஜுல ரூம் போட்டா ஆவாதா?" என்றேன்.

ஹீட்டர் நல்ல ஹீட்டர். கேஸில் எரியும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் உள்ளே வரும். கெட்டுக் கிடந்தது அதன் தெர்மோஸ்டாட்தான். எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் வைத்தால், அதற்குக் கம்மியானதும் ஹீட்டரை எரிய வைத்து, வந்து சேர்ந்ததும் நிறுத்துகிற சாமான். பழசு, முள்ளை நகர்த்துகிற வகை. அதைத் தூக்கிவிட்டு, நம்பர் தெரிகிற டிஜிட்டல் ஒன்று மாட்டிவிடலாம் என்று சொன்னேன். மாமா அதற்குள் செல்போனில் பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாமா, நீங்க போய் டீ சாப்பிடுங்க. நான் கூப்பிடுறேன்" என்று அனுப்பிவிட்டு அரை மணி நேரத்தில் மாட்டி முடித்தேன்.

சோதனை பார்க்க ஊரே வந்தது. கிரிவலம் வந்தவர்கள் இரண்டு பேர் ஏதோ சாமி வண்டி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா புது தெர்மோஸ்டாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மாமா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் இருபத்திரண்டு என்று நம்பரை வைத்து சுவிட்சைப் போட்டேன். உஸ்ஸென்று ஹீட்டர் பற்றிக்கொண்டு அனல் காற்று அடித்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று எல்லாரும் கை தட்டினார்கள். ஏற்கனவே வெந்துகொண்டிருந்த பெட்டி அது. இரண்டு நிமிஷத்தில் அக்கா முகமெல்லாம் வேர்வை வழிய, "போதும்டா தம்பி, நிறுத்து, செத்துடுவோம் போல" என்று வெளியே ஓடி வந்தாள். மெயின் சுவிட்சை அணைத்தேன். சூடு வந்ததா, வந்தது. அவ்வளவுதானே ஹீட்டர்? மாமா மட்டும், "ஒரு தடவ அதுவா நிக்குதான்னு பாத்துடலாமா மச்சான்?" என்று இழுத்தார். "உள்ள போய் நீங்களே ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்கு மாமா போன் செய்தார். மலையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதாம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நகர முடியவில்லை. பனி கொட்டுகிறது.

"ஹீட்டர் வரல மச்சான். உள்ள ஆறு டிகிரி காட்டுது. உங்கக்காவுக்கு இழுப்பு வந்துடுச்சு."

"நம்பரை ஏத்துங்க."

"முப்பது வரைக்கும் ஏத்திட்டேன். வரல. அடுப்பப் பத்த வெச்சா அவளுக்கு ஜாஸ்தியாவுது."

போனில் அக்காவின் மூச்சு கேட்டது. விசில் மாதிரி. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "எதையாவது நோண்டினீங்களா? உண்மையச் சொல்லுங்க. இங்க எல்லார் எதிர்லயும் எரிஞ்சுதா இல்லயா? தொடாம எப்படிக் கெடும்? தாலுகா ஆபீஸ் ஃபைலுன்னு நெனச்சீங்களா? உங்கள நம்பி அவள அனுப்புனேன் பாருங்க, என்னச் சொல்லணும்!" என்று கத்தினேன். கேஸைப் பார்க்கச் சொன்னேன், பேட்டரியைப் பார்க்கச் சொன்னேன், ஃபியூஸைப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஏச்சு. முக்கால் மணி நேரம் அந்த மனுஷன் நான் சொன்னதையெல்லாம் பார்த்துக்கொண்டு பனியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். ஒன்றும் பலிக்கவில்லை, போனை வைத்துவிட்டேன்.

கடையில் ஒரு கூல்டிரிங்ஸ் பெட்டி ரிப்பேருக்கு வந்து நின்றது. கீழ்பென்னாத்தூர்க் கடைக்காரருடையது. கதவைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே வெயில் காற்று போனதும் கம்ப்ரஸர் உர்ரென்று ஓட ஆரம்பித்தது. சூடு ஏறியதும் ஓட வேண்டும், குளிர்ந்ததும் நிற்க வேண்டும். என் கை இருபத்தைந்து வருஷமாக மாட்டுகிற கணக்கு அது ஒன்றுதான்.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டிஜிட்டல் சாமானில் இரண்டு ஜோடி திருகு உண்டு. ஒன்று குளிர வைக்கிற மெஷினுக்கு, இன்னொன்று சூடாக்குகிற மெஷினுக்கு. ஹீட்டர் ஒயரை நான் பழக்க தோஷத்தில் குளிர் ஜோடியில் முறுக்கியிருக்கிறேன். அதனால்தான் இங்கே நாற்பது டிகிரி வெயிலில் அது சமர்த்தாக எரிந்தது. அங்கே ஆறு டிகிரியில், நன்றாகக் குளிர்ந்துவிட்டது என்று நின்றுவிட்டது. நம்பரை ஏற்ற ஏற்ற இன்னும் உறுதியாக நின்றுகொண்டிருக்கும். தப்பாக மாட்டியதால்தான் இந்த ஊரில் சரியாக ஓடியது. அதற்குத்தான் அத்தனை பேரும் கை தட்டினோம்.

போன் பண்ணினேன். "மாமா, சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுங்க. ஹீட்டர்லேர்ந்து வர்ற ரெண்டு ஒயரயும் கழட்டி, பக்கத்து ஜோடியில மாட்டுங்க."

"அது எதுக்கான ஜோடி மச்சான்?"

"சூட்டுக்கு."

"அப்ப இப்ப மாட்டியிருக்கறது?"

"குளுருக்கு" என்றேன்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றார். கை விறைத்துப்போய் இரண்டு தடவை திருகு கீழே விழுந்தது, தேடி எடுத்தார். அப்புறம் உஸ்ஸென்ற சத்தம் போன் வழியாகவே எனக்குக் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம், கால் மணி. அக்காவின் விசில் மெல்ல மெல்லக் குறைந்து, சாதாரண மூச்சானது.

"இன்னாங்க ஆச்சு அதுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"நாந்தாம்மா. அன்னிக்குத் தொடைக்கிறேன்னு ஒயரக் கழட்டி, மாத்தி மாட்டித் தொலச்சிட்டேன்" என்றார் மாமா.

"உங்களுக்கு எதுக்குங்க அந்த வேல? எந்தம்பி எவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சு குடுத்தான்!" என்றவள் போனை வாங்கி, "டேய் தம்பி, நீ இல்லன்னா நான் இன்னிக்கு அவ்ளோதான்டா" என்றாள்.

அக்கா, நான்தான் என்று சொல்ல ஒரு வினாடி போதும். வாயைத் திறந்தேன்.

"இனிமேலாவது அவரக் கைய வெச்சிக்கினு சும்மா இருக்கச் சொல்லுக்கா" என்றேன்.

பின்னாலிருந்து மாமா, "சரி மச்சான்" என்றார்.