புதுத் தரையின்மேல் ஒரு மே மாதம்

ஒரு மறுப்புக் கடிதத்தை எழுதிவிட்டு, அதன் நடை அழகாக வந்திருக்கிறதென்று மனைவிக்கு வாசித்துக் காட்டியவன் நான். கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவன் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்கு ஒரு ஹால் உண்டு. மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். என் மகள் எஸ்தர் படிக்கும் சிறப்புப் பள்ளியின் ஜெபமணி டீச்சர், கோடையிலும் வகுப்பு விடாமல் நடத்த இரண்டு வருடம் முன்பு அந்த ஹாலைக் கேட்டார். சபைச் செயலாளரான நான், ‘புதிதாகப் பதித்த தரையின் நலன் கருதி’ மறுத்தேன். பிள்ளைகளுக்கும் ஓய்வு வேண்டாமா என்று ஒரு வரி சேர்த்தேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன், வரிகளுக்குப் பஞ்சமில்லை.

எஸ்தருக்குப் பேச்சு வராது. அந்த ஏப்ரலில் தானே ஸ்பூனால் சாப்பிட்டாள். ஒண்ணுக்கு வந்தால் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். அந்த ஒரு சைகைக்கு டீச்சர் எட்டு மாதம் பாடுபட்டிருந்தார். ஜூனில் இரண்டும் போயிருந்தன. திரும்பி வர கிறிஸ்துமஸ் ஆனது. மறுவருடமும் டீச்சர் ஹால் கேட்டார். அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பினேன். சைகை மறுபடி போய், கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பியது. என் கடிதத்தையும் அவள் சைகையையும் சேர்த்துப் பார்க்க இந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவில்லை. வீட்டில் நானே சொல்லிக்கொடுத்தேன். என் கல்லூரி மாணவர்களைப் போலவே அவளும் கொட்டாவி விட்டாள்.

இன்னொரு கோடையும் இப்படிப் போனால் அவளை ஆரம்பப் பிரிவுக்கே அனுப்ப வேண்டியிருக்கும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நொறுங்கிப்போனோம். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர் ஜெபம் பண்ணிய எண்ணெய்ப் புட்டி தந்தார். ஒருவர் என் விசுவாசத்தை அளந்து, குறைகிறது என்றார். ஒருவர் பாபநாசத்துப் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்கு அனுப்பினார். அங்கே நடந்த ஒரே அதிசயம், மகளின் பிஸ்கட்டைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், சபை அலுவலகத்தில் தனியாக முழங்காலிட்டேன். என் ஜெபம் எப்போதும் தலையங்கம் மாதிரி இருக்கும். அன்று வார்த்தை வரவில்லை. “ஆண்டவரே, அவள் வயிற்றைத் தட்டுவதை மட்டும் எடுத்துவிடாதேயும்” என்று அழுதேன். நெற்றி கோப்பு பீரோவில் முட்டிக்கொண்டிருந்தது. காதில் கர்த்தர் பேசினார் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. என்னிடம் அவர் பேசவும் இல்லை. அந்த பீரோவுக்குள் யார் எழுதிய கடிதம் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். அவ்வளவுதான். ஹால் சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஹால் இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

“ஏன் சார், தரை காஞ்சிட்டா?” என்றார்.

கமிட்டியில் பொருளாளர் அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். “டைல்ஸு போட்டு ரெண்டு வருசந்தான் ஆகுது வே. பிள்ளைக ஒண்ணுக்கு இருந்துட்டுன்னா யாரு வே தொடைக்கது?”

“நான் தொடைக்கேன் அண்ணாச்சி.”

“அப்ப அதையும் தீர்மானத்துல எழுதும்.”

எழுதினேன். இந்த முறை அலங்காரம் எதுவும் இல்லை.

மே முழுக்க ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். வேதாகமப் பள்ளி நடந்த பத்து நாளும் மேடையோரத்தில் இவர்களுக்கும் இடம் இருந்தது. நான் வாளியோடு சுற்றினேன். அதற்கு முன் எந்தக் கோடையிலும் நான் இவ்வளவு பயனுள்ளவனாக இருந்ததில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று எஸ்தர் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள். வயிற்றைத் தட்டினாள். என் மனைவி வாசலிலேயே நின்று அழுதாள். நானும்தான். மதியம் தன் ஸ்பூனைத் தானே எடுத்துச் சாப்பிட்டாளாம். அவளை ஆரம்பப் பிரிவுக்கு இறக்கவில்லை.

ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். கேட்டும் கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கிறவர்களே, அவரை நம்புங்கள், கைவிட மாட்டார். அதற்கிடையே உங்கள் சட்டைப்பையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் இதையெல்லாம் சொல்லிவிட்டு இறங்கினேன். வாசலில் ஜெபமணி டீச்சர் நின்றார்.

“நல்லாச் சொன்னீங்க சார். நானும் இந்தப் பிள்ளைங்க அம்மாமாரும் ரெண்டு வருசமா ஜெபம் பண்ணுதோம், செயலாளர மாத்தித் தாரும் ஆண்டவரேன்னு. அது மட்டும் இன்னும் கேக்கப்படல.”