பம்ப் பக்கத்துத் திட்டு

எங்கள் அத்தைக்குப் பிள்ளையாரிடம் எப்போதும் ஏதாவது ஒரு மனு நிலுவையில் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் அது அப்பாவைப் பற்றிய மனு. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துவிட்டு, பால்கனிக் கதவு வழியாக வெளியே இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செல்போன் அடித்தால் திரையைப் பார்ப்பார், எடுக்கமாட்டார். "ஏன்டா தம்பி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று அத்தை கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, அளவு முடியட்டும்" என்பார். அளவு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை நம்பினாள். அத்தை நம்பியதால் நானும் நம்பினேன்.

நாங்கள் அப்போது கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் இருந்தோம். இன்று அங்கே போனால் கண்ணாடிக் கட்டடமும் காபிக் கடையுமாக இருக்கிறது. அன்று எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுதான் தனியாக நின்றது, சுற்றிலும் நிலத்தை மேடாக்கக் கொட்டிய மணல். பல் துலக்கினால் பல்லில் மணல், தோசையைப் பிய்த்தால் தோசையில் மணல். அம்மா காலையிலேயே சால்ட் லேக்கில் இருந்த பேங்குக்கு பஸ் ஏறிவிடுவாள். என்னையும் வீட்டையும் பிள்ளையாரையும் பார்த்துக்கொள்வது அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான். கணவர் காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். வங்காளத்தில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது, ஆனால் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் எவ்வளவு நேரமும் பேசுவாள்.

அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இஞ்சினியர். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே ஒரு பெரிய குளம் வெட்டும் வேலை அவர் பொறுப்பில் இருந்தது. வெட்டி முடித்தாகிவிட்டது. வெட்டிய மண்ணின் கணக்குக்குத்தான் கான்ட்ராக்டருக்குப் பணம். எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று அரசாங்கத்துப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அளக்க வேண்டும், அப்பா கூட நின்று அளந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நீளமும் அகலமும் டேப்பைப் பிடித்தால் வந்துவிடும். ஆழம்தான் வம்பு. கரையெல்லாம் வெட்டிய மண்ணைக் கொட்டி மூடியாகிவிட்டது, பழைய தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் வெட்டும்போதே அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் அப்படியே விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய தரையின் புல் இருக்கும். புல்லிலிருந்து குளத்தின் அடிவரை அளந்தால் அதுதான் ஆழம். எல்லாத் திட்டையும் அளந்து சராசரி போடுவார்கள். வேலையாட்கள் அதைச் சாட்சி என்றே சொல்வார்கள். எங்கள் குளத்தில் அப்படி ஐந்து திட்டுகள், அத்தையின் மார்பு உயரத்துக்கு, தலையில் பச்சைப் புல்லோடு நின்றன.

ஒரு சாயங்காலம் கான்ட்ராக்டர் சந்தேஷ் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எனக்கு எண்ணம், வரும்போதெல்லாம் இனிப்பு கொண்டுவருகிறாரே. அப்பாவும் அவரும் பால்கனியில் நின்று பேசினார்கள். அவர் குளத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே, பால்கனிக் கம்பியின் மேல் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து வைத்தார். "இவ்வளவுதானே, இஞ்சினியர் பாபு. இவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் போனபிறகு நான் அதே கம்பியில் என் விரல்களை விரித்து வைத்து, என் சாண் அவர் சாணில் பாதிகூட வரவில்லையே என்று வருத்தப்பட்டேன். அப்பா சந்தேஷைத் தொடவில்லை. எனக்கு அதிலும் லாபம்தான்.

அளவெடுக்கும் நாள் சங்கடஹர சதுர்த்தி அன்றே அமைந்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, பிள்ளையாரே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்! அப்பாவுக்காக ஒரு பெரிய அருகம்புல் மாலை சாத்துவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். படத்தின் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தொங்குகிற மாலை. ஆனால் மணல் கொட்டிய ஊரில் அருகம்புல்லுக்கு எங்கே போவது? மற்ற மாதங்களில் அம்மா லீவு நாளில் காளிகாட் போய் வாங்கிவருவாள். அந்த மாதம் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முதல்நாள் முழுக்க அத்தை புலம்பிக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடிந்ததும் துணி உலர்த்த பால்கனிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மண்ணும் மணலும். பள்ளத்துக்குள் மட்டும் ஐந்து இடத்தில் பச்சை.

அப்பா அதிகாரியை அழைத்துவர பெரிய ரோட்டுக்குப் போயிருந்தார். குளிர்கால விடுமுறை, நான் வீட்டில். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, பூக்கூடையோடு அத்தை பள்ளத்தில் இறங்கினாள். பின்னால் நான். குளத்துக் காவல்காரர் கூடையைப் பார்த்ததும் பூஜைக்கு என்று புரிந்துகொண்டு, "பார்த்து இறங்குங்க மாஷிமா" என்று பெரியம்மாவை அழைப்பதுபோல் அழைத்துக் கைகொடுக்கவே செய்தார். பூஜை என்று வந்துவிட்டால் கல்கத்தாவில் யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள்.

அத்தை நான்கு திட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கிற பம்ப் பக்கத்தில் இருந்த ஐந்தாவதை எனக்குக் கொடுத்தாள். அது மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. எட்டிப் பிடித்து இழுத்தேன். ஒவ்வொரு இழையாக வரும் என்று பார்த்தால், புல் மொத்தமும் மண்ணோடு பாய் மாதிரி உரிந்து என் தலையில் வந்து விழுந்தது! "குளிச்ச தலையில மண்ணா, கடவுளே" என்று அத்தை தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். புல்லை அலசி மாலை கட்டி, சாயங்காலம்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அப்போதே சாத்திவிட்டாள். "பத்து மணிக்கு அளக்கறாங்க. அந்த நேரத்துல நீ பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்று பிள்ளையாரிடம் கறாராகச் சொன்னாள்.

பத்து மணி அளவில் பள்ளத்திலிருந்து சத்தம் கேட்டது. பால்கனிக்கு ஓடினோம். கீழே அதிகாரி ஒரு திட்டின் தலையைக் காட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா தலை குனிந்து நின்றார். அப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் காவல்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "மாஷிமா, உங்களை ஸார் கூப்பிடறார். சாட்சியோட தலையில புல்லைக் காணோமாம். யாரோ மேல மண்ணைப் போட்டிருக்காங்கன்னு சொல்றார். அளக்கமாட்டேன்னு எழுதிட்டுப் போறேங்கறார்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் புல்தான் சாட்சிக்குச் சாட்சி என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. திட்டுகளைக் காக்கிற பொறுப்பு அப்பாவுடையது, பழி அப்பா தலையில். "தம்பி பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே" என்று அழுதுகொண்டே படியிறங்கினாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் பயமெல்லாம் போலீஸ் வருமா என்பதுதான்.

பள்ளத்தில் அத்தை கைகூப்பி, தன்னிடம் இருந்த வங்காளம் முழுவதையும் கொட்டினாள். "கொணேஷ் பூஜோ... துர்பா... ஆமி..." என்று கூடையையும் தன்னையும் மாறி மாறிக் காட்டினாள். அதிகாரி நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர். துர்பா என்றதும் அவர் முகம் மாறியது. அவர் வீட்டுப் பூஜையிலும் அதே புல்தானே. குனிந்து ஒரு திட்டின் தலையை விரலால் கிளறினார். வேர் கெட்டியாக இருந்தது. "ஓ, பறிச்சதுதானா! வேர் இருக்கே. அழாதீங்க மாஷிமா" என்று சிரித்தார். கான்ட்ராக்டருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா ஸார், பூஜை, பூஜை!" என்று அவர் அத்தையின் காலில் விழாத குறை. டேப்பை விரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் தலை நிமிரவில்லை.

எல்லாரும் சிரித்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. பயம் போனதும் பெருமை வந்துவிட்டது. அத்தைக்குக் கிடைத்த பேரில் பாதி என்னுடையது இல்லையா? தமிழைவிட வங்காளம் எனக்கு நன்றாக வரும். நான் முன்னால் போய்க் கணீரென்று சொன்னேன்: "நானும் பறிச்சேன், அங்க்கிள்! அது ரொம்ப ஈஸியா வந்துச்சு. இழுத்ததுமே பாய் மாதிரி மொத்தமா என் தலையில விழுந்துடுச்சு."

டேப் பாதியில் நின்றது. அதிகாரி என் உயரத்துக்குக் குனிந்தார். "எந்தத் திட்டு, மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பம்ப் பக்கத்துத் திட்டைக் காட்டினேன். சின்னக் குழந்தை, உளறுகிறது என்று கான்ட்ராக்டர் பாய்ந்து வந்தார். நானா உளறுகிறேன்? எனக்குக் கோபம் வந்து, என் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் காட்டினேன்.

அதிகாரி ஒரு மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். காவல்காரர் திட்டின் ஓரத்தை நேர்க்கோடாகச் செதுக்கினார். மேலே உதிரி மண். அதற்குக் கீழே நசுங்கிப் பழுத்த பழைய புல், அதன் வேர், அதற்கும் கீழேதான் கெட்டி மண். அதிகாரி அந்த உதிரி மண்ணின் மேல் கையை வைத்து விரித்தார். சரியாக ஒரு சாண் இருந்தது.

கான்ட்ராக்டர் கூலிகளைத் திட்ட ஆரம்பித்தார். திருட்டுப் பசங்கள், கூலி ஏற்றிக்கொள்ளச் செய்திருக்கிறார்கள், இந்த ஒரு திட்டுதான் ஸார், இதை விட்டுவிடுங்கள், மற்றதை அளங்கள் என்றார். குளம் வெட்டிய ஆட்கள் அன்று புருலியாவில் தங்கள் ஊரில் இருந்தார்கள், பதில் சொல்ல யாருமில்லை. அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "இது ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

கான்ட்ராக்டரும் அப்பாவைப் பார்த்தார். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், டிசம்பர் குளிரில். அத்தை வாய்க்குள் பிள்ளையார் பெயரை முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. அப்பா என் தலையில் கைவைத்தார். அடிக்கப்போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"நடுத் திட்டையும் வெட்டிப் பாருங்க, ஸார்" என்றார் அப்பா.

வெட்டினார்கள். அதிலும் அதே சாண். கான்ட்ராக்டர் காரில் ஏறிப் போனார். அதற்குப்பிறகு எங்கள் வீட்டுக்கு சந்தேஷ் வரவே இல்லை. அன்று மத்தியானம் அப்பா மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டு, கூடத்தில் தரையிலேயே படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். தம்பியின் வேலையை ஒரு பிடி புல்லுக்குத் தொலைத்துவிட்டோம் என்று அத்தை பிள்ளையார் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அம்மா பேங்கிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தூங்குகிற அப்பாவுக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள். அடுத்த மாதம் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் காளிகாட்டில் இரண்டு அறைக்குக் குடிபோனோம்.

எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம். பம்ப் பக்கத்துத் திட்டு சரி, அது நான் பறித்தது, நான் சொன்னேன். நடுத் திட்டு அத்தை பறித்தது. பறிக்கும்போது அதில் புல் எப்படிக் கையோடு வந்தது என்று அத்தையை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்! விடுமுறை முடிந்ததும் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன், எங்கப்பா எவ்வளவு பெரிய இஞ்சினியர் தெரியுமா, மண்ணைத் தொடாமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று.