நடிகை இறங்கிய வயல்

திருவாரூர் டூரிங் கொட்டகைக்கு வந்த அந்த நடிகையின் படம் எதையும் நான் விட்டதில்லை. ராணியாக வருவார், ஜமீன்தார் மகளாக வருவார். காதுவரை இழுத்த கண்மை, எவ்வளவு அழுதாலும் கரையாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து நானும் அப்படியே இழுத்துக்கொண்டு களையெடுக்கப் போவேன். வேர்வையில் ஒழுகிப் பேய் மாதிரி இருக்கும். அப்போதும் புத்தி வரவில்லை.

அந்த வருஷம் ஆட்சி மாறியது, கூலி மாறவில்லை. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே வேலைக்குப் போகாமல் இருந்தது. மிராசுதார் ஆட்களோடு நடந்த சண்டையில் முன்னால் நின்ற என் வீட்டுக்காரர் மண்டை உடைந்தது. ஆண்களையெல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. ஆனாலும் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, உடனே நடாவிட்டால் வீண். இன்னும் நாலு நாள் தாங்கினால் மிராசுதார் வழிக்கு வந்தாக வேண்டும்.

அப்போதுதான் மிராசுதார் வயலிலேயே ஷூட்டிங் வந்தது. நடிகைக்கு முதல்முறையாக நடவுக்காரி வேஷம். கூட நிற்கப் பெண்கள் வேண்டுமாம்.

"வேலைக்கா போறோம்? நடிக்கத்தானடி!" என்று நாற்பது பேரைக் கிளப்பியவள் நான்தான். கரையில் முடிமுடியாகக் கட்டிய நாற்று தயாராகக் கிடந்தது. யார் பறித்தது என்றுகூட நான் கேட்கவில்லை.

நடிகையின் வெள்ளைத் தோலுக்கு எங்கள் நிறத்தைப் பூசியிருந்தார்கள். கண்மை மட்டும் அதே ராணி மை. அவர் நட்ட நாற்றெல்லாம் மிதந்தது.

"சும்மா குனிஞ்சு நிமிருங்கம்மா, போதும்," என்றார் டைரக்டர் எங்களிடம்.

மிதக்கிற நாற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களுக்குத் தெரியவில்லை. எடுத்துச் சரியாக ஊன்றினோம். அடுத்த முடியை அவிழ்த்தோம். யாரோ ஒருத்தி குலவையிட்டாள். கேமரா நின்ற பிறகும் நட்டோம். மிராசுதார் பானை பானையாக மோர் அனுப்பினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை நிமிர்ந்து பார்த்தால் இரண்டு வேலி நிலமும் நட்டு முடிந்திருந்தது. எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் ஆண்களை விட்டார்கள். உடைந்த தலையில் கட்டோடு என் வீட்டுக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"யாரு நட்டது?"

"சினிமாவுக்குத்தான்..."

"அப்ப பிடுங்கு."

குனிந்து நாற்றைப் பிடித்தேன். நட்டதைப் பிடுங்கக் கை வரவில்லை. நாற்பது பேரில் ஒருத்திக்கும் வரவில்லை.

"நல்லாத்தான் நட்டிருக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மிராசுதாரின் காரியக்காரர் தெருமுனையில் வந்து நின்றார். பழைய கூலிக்குச் சம்மதமென்றால் எல்லோரும் வேலைக்கு வரலாம், என் வீட்டுக்காரர் மட்டும் இனி எந்த வயலிலும் கால் வைக்கக் கூடாது என்றார்.

என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனேன்.